அக்கரையில் ஒரு கல்லூரி

நுழையும்முன்

ஒரு கல்வி நிறுவனத்தின் பெருமையை எதைக்கொண்டு அளப்பது? அதன் வயதைக் கொண்டா, கட்டடங்களைக் கொண்டா, அங்குப் பயின்றோர் பின்னாளில் ஆற்றிய பணியைக் கொண்டா? ஈழத்தின் வடபகுதியில் யாழ்ப்பாணத்தை அடுத்த வட்டுக்கோட்டையில் 32 ஆண்டுகள் மட்டுமே இயங்கிய ஒரு சிறிய கிறித்தவக் கல்லூரி இவ்வினாவை நம்முன் வைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளையும், சங்க இலக்கியத்தை அச்சேற்றிய பதிப்பாசிரியரையும், தமிழின் தொடக்ககால இதழாசிரியர்களையும் உருவாக்கிய அக்கல்லூரியின் வரலாற்றை அறிவோம்.

புதுக்கோட்டைக்கு வந்த நீதிபதி

1887ஆம் ஆண்டு. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்களின் ஆட்சிக்குட்பட்ட தனிச் சமஸ்தானமாக விளங்கியது. மன்னர் சிறுவயதினராக இருந்தமையால் சேஷையா சாஸ்திரி ஆட்சிப் பொறுப்பை ஏற்று நடத்திவந்தார். அவ்வாண்டில் அச்சமஸ்தானத்தின் நீதிபதியாக ஒருவர் பொறுப்பேற்றார். கும்பகோணத்தில் வழக்குரைஞராக இருந்தவர். ஐம்பத்தைந்து வயதை எட்டியவர். பகலில் வழக்குகளை ஆராய்ந்த அவருடைய கைகள் ஓய்ந்த நேரங்களில் பழைய ஓலைச்சுவடிகளைப் புரட்டிக்கொண்டிருந்தன.

அதே 1887ஆம் ஆண்டில் அவர் கலித்தொகையைப் பதிப்பித்து வெளியிட்டார். எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதலில் அச்சு வடிவம் பெற்றது அதுவே. அவர் புதுக்கோட்டையில் பணியாற்றிய காலத்தில், 1889ஆம் ஆண்டில், இலக்கண விளக்கமும் சூளாமணியும் அவருடைய பதிப்புகளாக வெளிவந்தன. 1890 வரை நம் மாவட்டத் தலைநகரில் நீதி வழங்கிய அவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. தமிழ்ப் பதிப்புலகின் முன்னோடி எனத் தமிழறிஞர் போற்றும் தாமோதரனார் அவரே.

இவர் எங்கே கல்வி பயின்றார்? புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கெல்லை கடல். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய ஊர்களின் மீனவர்கள் நாள்தோறும் படகு செலுத்தும் பாக் நீரிணையின் மறுகரையில் யாழ்ப்பாணக் குடாநாடு அமைந்துள்ளது. அங்குச் சிறுப்பிட்டி என்னும் சிற்றூரில் 1832ஆம் ஆண்டு பிறந்த தாமோதரனார், 1844 முதல் 1852 வரை எட்டு ஆண்டுகள் வட்டுக்கோட்டைக் குருமடத்தில் பயின்றார். அக்குருமடமே நம் பாடத்தின் பொருள்.

கல்லூரி என்னும் பெயர் மறுக்கப்பட்ட கல்லூரி

அமெரிக்க நாட்டின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து கிறித்தவ ஊழியர் சிலர் 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய ஊர்களில் அவர்கள் தங்கினர். போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற பழைய தேவாலயக் கட்டடங்களைச் செப்பனிட்டுக் குடியிருப்புகளாகவும் பள்ளிகளாகவும் பயன்படுத்தினர். தமிழ் கற்றனர், ஊர்தோறும் தொடக்கப் பள்ளிகளை நிறுவினர். அப்பள்ளிகளில் தேர்ந்த மாணவர்களுக்கு உயர்கல்வி வழங்க ஓர் இடம் வேண்டும் என்னும் எண்ணம் அவர்களிடையே தோன்றியது.

அவ்வெண்ணத்தின் விளைவாக 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் டேனியல் பூர். தமிழ் இளைஞருக்கு ஒரு கல்லூரி அமைப்பதே அவருடைய நோக்கம். ஆயின், இலங்கையை ஆண்ட ஆங்கிலேய ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், அமெரிக்கர்களின் பணி விரிவடைவதை விரும்பவில்லை. புதிய ஊழியர் வருவதற்கு அவர் தடை விதித்தார். அச்சுப்பணிக்கென 1820ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவரும் நாட்டில் தங்க அனுமதி பெறாமல் வெளியேற நேர்ந்தது. கல்லூரி என்னும் தகுதியை அரசு வழங்காத நிலையில், புதிய நிறுவனம் 'செமினரி' என்னும் பெயரோடு இயங்கலாயிற்று. தமிழர் அதனைக் குருமடம் என வழங்கினர்.

அரசின் பெரும்பதவியில் இருந்தோர் அனைவரும் இவ்வாறு கருதவில்லை. இலங்கையின் தலைமை நீதிபதியாக விளங்கிய ரிச்சர்ட் ஓட்லி இம்முயற்சிக்குத் துணைநின்றார். குருமடத்தின் பெரிய மண்டபம் அவர் பெயரால் ஓட்லி மண்டபம் என வழங்கப்பட்டது.

மாணவர்கள் அங்கேயே தங்கிப் பயின்றனர். அவர்களுடைய உணவுக்கும் படிப்புக்கும் ஆகும் செலவை அமெரிக்கக் கொடையாளர்கள் ஏற்றனர். செலவை ஏற்ற கொடையாளரின் பெயரையோ, அவர் விரும்பிய பெயரையோ மாணவனுக்குச் சூட்டுவது வழக்கமாயிற்று. கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை எனத் தமிழ்ப் பெயருக்கு முன்னே ஆங்கிலப் பெயர் ஒட்டிநிற்பதன் காரணம் இதுவே. தாமோதரனாரின் பெயரில் உள்ள 'சி.வை.' என்பதனைச் சார்லஸ் வைமன் என விரிப்பர். சிறுப்பிட்டி வைரவநாதர் என ஊர்ப்பெயரும் தந்தை பெயருமாக விரிப்போரும் உண்டு. இரண்டு உலகங்களுக்கு இடையே வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கை அவருடைய முதலெழுத்துகளிலேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

இருமொழிக் கல்வி

குருமடம் என்னும் பெயரைக் கேட்போர் அங்குச் சமய நூல்கள் மட்டுமே கற்பிக்கப்பட்டிருக்கும் எனக் கருதலாம். உண்மை அதுவன்று. கிறித்தவ மறையோடு ஆங்கிலம், தமிழ், வடமொழி, கணிதம், வானியல், இயற்கை அறிவியல், வரலாறு, தருக்கம் முதலியனவும் அங்குக் கற்பிக்கப்பட்டன. புதிய உலகின் அறிவைப் பெற ஆங்கிலம் தேவை என நிறுவனர்கள் கருதினர். அவ்வறிவைத் தம் மக்களிடம் கொண்டுசேர்க்கத் தமிழில் ஆழ்ந்த புலமையும் தேவை என்பதனை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஆகவே, தமிழ் இலக்கியமும் இலக்கணமும் பாடத்திட்டத்தில் சிறப்பிடம் பெற்றன. தமிழில் அன்று செய்யுள் நூல்கள் மிகுந்தும் உரைநடை நூல்கள் குறைந்தும் இருந்தமையால், தெளிந்த தமிழ் உரைநடை எழுதவல்லோரை உருவாக்குவதும் அவர்களுடைய நோக்கங்களுள் ஒன்றாக அமைந்தது.

வானியல் கல்வியோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. 1829ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் ஏற்படவிருந்த சந்திர கிரகணம் குறித்து, அப்பகுதியில் பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணித்துவந்த அறிஞரின் கணிப்புக்கும் குருமடத்தின் கணிப்புக்கும் வேறுபாடு இருந்தது. மாணவர்கள் கூடிநின்று வானத்தை நோக்கினர். கிரகணம் குருமடத்தின் கணிப்பை ஒட்டியே நிகழ்ந்தது. சொன்னவர் யார் என்பதனை விடுத்துக் கண்ணால் கண்டு உறுதிசெய்யும் அறிவியல் முறையை அம்மாணவர்கள் அன்று நேரில் கற்றனர்.

இதனால் மரபான வானியலை அக்குருமடம் புறந்தள்ளிவிட்டது எனக் கொள்ளலாகாது. டேனியல் பூருக்குப் பின் 1836ஆம் ஆண்டு தலைமைப் பொறுப்பேற்ற ஹென்றி ஹோய்சிங்டன், இந்திய வானியல் முறையைக் கற்று அதனை விளக்கும் நூலொன்றை 1848ஆம் ஆண்டு வெளியிட்டார். சிவஞான போதம், சிவப்பிரகாசம் ஆகிய சைவ சித்தாந்த நூல்களை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு 1854ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. கற்பிக்க வந்தவரே கற்பவராகவும் மாறியதற்கு இஃது ஒரு சான்று.

இலங்கையில் உயர்பதவி வகித்த எமர்சன் டெனன்ட் இந்நிறுவனத்தை நேரில் கண்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கது எனத் தம் நூலில் பாராட்டினார். கல்லூரி என்னும் பெயர் மறுக்கப்பட்ட நிறுவனம் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிடப்பட்டது.

குருமடத்துக்குக் குறைகளும் இருந்தன. அங்கு ஆண்பிள்ளைகள் மட்டுமே பயின்றனர். அவர்களுள்ளும் பெரும்பாலோர் நிலவுடைமைச் சமூகத்தினர். பெண்களுக்கென அதே அமெரிக்க ஊழியர்கள் 1824ஆம் ஆண்டு உடுவிலில் விடுதிப் பள்ளியொன்றைத் தொடங்கினர். ஆயினும், எல்லாப் பிரிவினருக்கும் ஒத்த கல்வி கிடைக்கப் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழ் பெற்ற பயன்

குருமடத்தின் மாணவர்கள் தமிழின் பல துறைகளில் தடம் பதித்தனர்.

முதலாவது, இதழியல். 1841ஆம் ஆண்டு சனவரியில் 'உதயதாரகை' என்னும் இதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவரும் குருமடத்தில் பயின்ற தமிழர்கள். அறிவியல், கல்வி, நாட்டு நடப்பு ஆகியவற்றோடு சமய விவாதங்களும் அவ்விதழில் இடம்பெற்றன. சமயக் கருத்துகளை மறுத்தும் நிறுவியும் எழுதிய எழுத்துகளால் தமிழ் உரைநடை கூர்மை பெற்றது. பின்னாளில் அவ்விதழின் ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றியவர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. தமிழ்ப் புலவர்கள் 400க்கும் மேற்பட்டோரின் வரலாற்றைத் தொகுத்து 1886ஆம் ஆண்டு 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலை வெளியிட்டவரும் அவரே.

இரண்டாவது, அகராதிக்கலை. மானிப்பாயில் இருந்த அமெரிக்க அச்சகம் 1842ஆம் ஆண்டு மானிப்பாய் அகராதியை அச்சிட்டது. உடுவில் சந்திரசேகர பண்டிதர் தொகுத்த அவ்வகராதி 58,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. 1862ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்த வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதியோ 67,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டிருந்தது. மைரன் வின்சுலோ யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க ஊழியர். அவ்வகராதிக்குப் பின்னே பலருடைய நெடுங்கால உழைப்பு உண்டு. குருமடத்தில் பயின்று அங்கேயே ஆசிரியரான நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை அவ்வாறு துணைநின்றவருள் ஒருவர்.

மூன்றாவது, அறிவியல் தமிழ். கறல் விசுவநாதபிள்ளை இயற்கணிதத்தைத் தமிழில் எழுதினார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தருக்கவியலை 'நியாய இலக்கணம்' என்னும் பெயரில் தமிழில் தந்தார். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் முதலிய மருத்துவ நூல்கள் அவருடைய முயற்சியால் தமிழில் வெளிவந்தன. அம்முயற்சி குருமடத்துக்கு வெளியே நிகழ்ந்ததாயினும், இருமொழியும் அறிந்த தமிழ் மாணவர் கூட்டம் ஒன்று உருவாகியிருந்தமை அவருக்குத் துணையாயிற்று.

மூடப்பட்ட கதவு

இத்தகைய குருமடம் 1855ஆம் ஆண்டு மூடப்பட்டது. மூடியவர்கள் அதனை நிறுவிய அமைப்பினரே.

அமெரிக்காவிலிருந்து வந்த ரூபஸ் ஆண்டர்சன் தலைமையிலான குழு, யாழ்ப்பாணப் பணிகளை ஆய்வு செய்தது. குருமடத்தின் மாணவர்களுள் பலர் ஆங்கிலக் கல்வியைப் பெற்றதும் அரசுப் பணிக்குச் சென்றனர்; சமய ஊழியத்தில் நிலைத்தோர் சிலரே. பலர் தம் முன்னோரின் சமயத்திலேயே நிலைத்திருந்தனர் அல்லது அதற்குத் திரும்பினர். எனவே, ஆங்கிலக் கல்வி சமயப் பணிக்கு உதவவில்லை என்றும், ஊழியரைத் தாய்மொழி வழியாகவே பயிற்றுவிக்க வேண்டும் என்றும் முடிவு செய்யப்பட்டது. குருமடத்தின் முதல் தலைவர் டேனியல் பூர் அவ்வாண்டின் தொடக்கத்தில் மானிப்பாயில் கொள்ளைநோயால் மறைந்திருந்தார்.

இம்முடிவு எண்ணிப்பார்க்கத்தக்கது. தாய்மொழி வழியே கல்வி அளிக்க வேண்டும் என்னும் கருத்தில் பிழையில்லை. அது முடியும் என்பதனை மருத்துவர் கிறீன் செய்துகாட்டினார். ஆயின், தாய்மொழிக் கல்விக்காக உயர்கல்வியின் வாயிலையே அடைத்தது யாழ்ப்பாணத்து இளைஞருக்குப் பேரிழப்பாயிற்று. தமிழில் நூல் எழுதியவர்களும் இதழ் நடத்தியவர்களும் ஏடு பதிப்பித்தவர்களும், இரண்டு மொழிகளையும் ஆழக் கற்ற அக்குருமடத்திலிருந்தே வந்திருந்தனர் என்பதனை ஆய்வுக்குழு கணக்கில் கொள்ளவில்லை. தான் எதிர்பார்த்த பயனை மட்டுமே அது தேடியது. விளைந்திருந்த பயன் அதன் பார்வைக்குத் தப்பியது.

குருமடம் மூடப்பட்ட இரண்டாண்டுகளில், 1857ஆம் ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதல் பட்டதாரிகளாகத் தேர்ச்சி பெற்ற இருவர் கறல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரனாரும் ஆவர். மூடப்பட்ட கல்லூரி ஒன்றின் மாணவர்கள், புதிதாகப் பிறந்த பல்கலைக்கழகத்தின் முதல் பட்டங்களைப் பெற்றனர்.

தாமோதரனாரின் தமிழ்ப்பணி

தாமோதரனார் ஆசிரியர், இதழாசிரியர், அரசுக் கணக்குத் துறை அலுவலர், வழக்குரைஞர், நீதிபதி எனப் பல பொறுப்புகளை வகித்தார். இப்பொறுப்புகளுக்கு இடையே அவர் ஆற்றிய பணியே அவர் பெயரை நிலைநிறுத்தியது. பழந்தமிழ் நூல்கள் ஓலைச்சுவடிகளில் கிடந்து செல்லரித்து அழிந்துகொண்டிருந்தன. கையில் எடுத்த அளவில் ஏடுகள் ஒடிந்து உதிர்ந்த நிலையை அவர் தம் பதிப்புரையில் வருந்தி எழுதியுள்ளார். இன்று எழுதிவைக்காவிடின் நாளை இல்லை என்னும் பதற்றத்தோடு ஊர் ஊராகச் சுவடிகளைத் தேடித் தொகுத்தார், ஒரே நூலின் பல சுவடிகளை ஒப்பிட்டார், பாடவேறுபாடுகளை ஆராய்ந்தார், பொருட்செலவைத் தாமே தாங்கி அச்சிட்டார்.

இவ்வொப்பீட்டு முறைக்கு இரண்டு வகைப் பயிற்சிகள் தேவைப்பட்டன. ஒன்று, நூற்பொருளை உணரும் மரபுவழித் தமிழ்ப்புலமை. அதனை அவர் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் இளமையில் பெற்றிருந்தார். மற்றொன்று, சான்றுகளை வரிசைப்படுத்தி எடைபோட்டு முடிவுக்கு வரும் ஆய்வுப் பயிற்சி. தருக்கமும் கணிதமும் வானியலும் கற்பித்த குருமடம் அதற்கு அடித்தளம் இட்டது. சமயத்தால் தாமோதரனார் சைவராக வாழ்ந்து சைவ நூல்களும் எழுதினார். கற்பித்த நிறுவனத்தின் சமயமும் கற்றவரின் சமயமும் வேறாயினும் கல்வி பயன்தந்தது.

தெரிந்து தெளிவோம்

சி.வை. தாமோதரனாரின் பதிப்புகளுள் சில:
தொல்காப்பியம் சொல்லதிகாரம், சேனாவரையர் உரை – 1868
வீரசோழியம் – 1881
இறையனார் அகப்பொருள் – 1883
தணிகைப் புராணம் – 1883
தொல்காப்பியம் பொருளதிகாரம் – 1885
கலித்தொகை – 1887
இலக்கண விளக்கம் – 1889
சூளாமணி – 1889

மீண்டும் துளிர்த்த மரம்

குருமடம் மூடப்பட்ட பின்னரும் அதன் பழைய மாணவர்கள் ஓய்ந்திருக்கவில்லை. தம் மக்களுக்கு மீண்டும் ஓர் உயர்கல்விக்கூடம் வேண்டும் என வலியுறுத்தினர், நிதியும் திரட்டினர். அதன் பயனாக, 1872ஆம் ஆண்டு அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கப்பட்டது. முன்பு மறுக்கப்பட்ட கல்லூரி என்னும் பெயர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அம்மண்ணுக்குக் கிடைத்தது. முதல் நிறுவனத்தை அயல்நாட்டார் விரும்பித் தொடங்கினர். இரண்டாவதை மண்ணின் மக்களே கேட்டுப் பெற்றனர்.

அக்கரையில் தோன்றிய கல்வி முயற்சி இக்கரைக்கும் வந்தது. டேனியல் பூர் 1836 முதல் சில ஆண்டுகள் மதுரையில் தங்கிப் பள்ளிகளை நிறுவினார். யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்கப்பட்ட அந்த அமெரிக்க மதுரைப் பணியின் தொடர்ச்சியாக, 1881ஆம் ஆண்டு பசுமலையில் கல்லூரி ஒன்று உருவாயிற்று. பின்னர் மதுரை நகருக்குள் இடம்பெயர்ந்த அக்கல்லூரியே இன்றைய அமெரிக்கன் கல்லூரி.

இன்று பதினொன்றாம் வகுப்பில் பயிலும் உங்கள் முன்னும் ஒரு வினா நிற்கிறது. உயர்கல்விக்குச் செல்லும்போது ஆங்கிலமா தமிழா, வேலைக்குரிய படிப்பா விருப்பத்துக்குரிய படிப்பா எனப் பலரும் உங்களை வினவுவர். வட்டுக்கோட்டை மாணவர்களும் வேலைக்காகவே ஆங்கிலம் கற்றனர். கணக்கராகவும் ஆசிரியராகவும் நீதிபதியாகவும் பணியாற்றிப் பொருளீட்டினர். அவ்வாறு ஈட்டிய பொருளையும் பெற்ற அறிவையும் அவர்களுள் சிலர் தம் மொழிக்குத் திருப்பித் தந்தனர். அதனால்தான் கலித்தொகையை இன்று நாம் நூலாக விரித்துப் படிக்க முடிகிறது. புதுக்கோட்டையின் தெருக்களில் ஒருகாலத்தில் நடந்த அந்நீதிபதியை நினைவுகூரும்போது, கடலின் அக்கரையில் 32 ஆண்டுகள் எரிந்த அவ்விளக்கையும் நன்றியோடு நினைப்போம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள பழமையான பள்ளி அல்லது கல்லூரி ஒன்றின் வரலாற்றை அங்குப் பயின்ற முதியோரிடம் கேட்டறிந்து கட்டுரையாக எழுதுக.

2. வட்டுக்கோட்டைக் குருமடத்தை மூடிய முடிவு சரியானதா? வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து சான்றுகளோடு விவாதிக்க.

3. கலித்தொகையின் அச்சுப் பதிப்பு ஒன்றை நூலகத்தில் கண்டு, பதிப்புரையில் பதிப்பாசிரியர் குறிப்பிடும் இடர்ப்பாடுகளைத் தொகுத்து வகுப்பறையில் எடுத்துரைக்க.